பி பி ஆர் 6 இ எஸ் – 11: ஒரு விளக்கவுரை

மூலம்: பி பி ஆர் 6 இ எஸ் – 11

ஒரு ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் அச்சிட்டிருக்கும் வரி இது. 1936-ல் ஜப்பானின் நகோயாவில் தொடங்கிய என்.ஜி.கே. கம்பெனியின் எழுத்துமுறை. கம்பெனி 2023-ல் நிட்டெரா என்று பெயர் மாற்றிக்கொண்டது. பிளக்கின் மேல் மட்டும் பழைய பெயரும் பழைய எழுத்துமுறையும் அப்படியே நிற்கின்றன.

திருச்சி அரியமங்கலத்தில் தஞ்சாவூர் ரோட்டோரத்து ஒர்க்‌ஷாப்புகளில் லாரி வேலைதான் அதிகம். லாரி டீசல் வண்டி. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்வதால் அங்கே ஸ்பார்க் பிளக்குக்கு வேலை இல்லை. பிளக் தேடி வருகிறவர் பெட்ரோல் கார்க்காரர், ஆம்னிக்காரர், ஆட்டோக்காரர். அவர்களில் பலர் கேட்பது, "அண்ணே, நல்ல பிளக்கா நாலு குடுங்க" என்பதே. நல்ல பிளக் என்று தனியாக ஒன்று கிடையாது. இந்த இன்ஜினுக்குப் பொருந்துகிற பிளக் உண்டு, பொருந்தாத பிளக் உண்டு. எது பொருந்தும் என்பதை வண்டி செய்தவர்கள் சோதித்து முடிவு செய்து, கையேட்டிலும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள். நமக்கு மிச்சம் இருப்பது அந்த வரியை ஓர் எழுத்தும் விடாமல் படிப்பது. காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில், திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன விளக்கங்களை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தினார். ஈடு என்று இன்றும் ஓதுவது அதைத்தான். எந்தச் சொல்லையும் சும்மா தாண்டிப் போகாத படிப்பு இந்த ஊருக்குப் பழக்கமானது. அந்தப் பொறுமை ஒரு பிளக்குக்கும் தகும். தவறான பிளக்கால் ஹெட்டையே கழற்றி மேசையில் வைக்க வேண்டிவந்த கார்களைப் பார்த்த பிறகு இதைச் சொல்கிறேன்.

முதல் பி

ஆங்கில வரிசையின் இரண்டாம் எழுத்து. பொருள்: மரையின் குறுக்களவு 14 மி.மீ., திருக ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணம் 20.8 மி.மீ.

இதே முறையில் 10 மி.மீ. மரைக்கு சி, 12 மி.மீ. மரைக்கு டி. பைக் பிளக்குகளில் சி-யை அடிக்கடி பார்க்கலாம். பி-க்குப் பின்னால் கே என்று ஓர் எழுத்து சேர்ந்தால் மரை அதே 14 தான், அறுகோணம் மட்டும் 16 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். புதிய இன்ஜின்களில் ஒரு சிலிண்டருக்கு நாலு வால்வு. அவற்றுக்கு நடுவே பிளக்குக்குக் கிடைக்கிற இடம் குறுகிப்போனது. அதனால்தான் பிளக்கும் ஒல்லியானது. 12 மி.மீ. மரையும் நீளக் கழுத்துமாக இப்போது வருகிறவை அந்த நெருக்கடியில் பிறந்தவை. பழைய பாக்ஸ் ஸ்பேனர் குழிக்குள் இறங்காத வண்டிகளில் ஸ்பேனரைச் சரித்துப் பிடித்துத் திருகுகிறார்கள். பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுவது அந்தச் சரிவில்தான். உள்ளே ரப்பர் பிடிப்பு வைத்த, சரியான அளவு ஸ்பேனர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது ஒரு செட் பிளக்கைவிட லாபம்.

இரண்டாம் பி

ஆங்கில வரிசையின் பதினாறாம் எழுத்து. வாயால் சொல்லும்போது முதல் பி-யும் இதுவும் நம் காதில் ஒன்றாகவே விழும். போனில் ஆர்டர் சொல்வதைவிடப் பழைய பிளக்கைக் கையில் எடுத்துப் போவது நல்லது என்பதற்கு இந்த இரண்டு பி-யே போதும்.

பொருள்: பீங்கான் மூக்கு உலோகக் கூட்டைத் தாண்டி வெளியே நீட்டியிருக்கும்.

நீட்டிய மூக்கால் இரண்டு நன்மை. மெதுவாக ஓடும்போது மூக்கு தீக்குள் நிற்பதால் சீக்கிரம் சூடேறிக் கரியை எரித்துவிடும். வேகமாக ஓடும்போது உள்ளே பாய்ந்து வரும் புதுக் காற்றும் பெட்ரோலும் அதே மூக்கின்மேல் பட்டுக் குளிர்விக்கும். பால்பண்ணை நெரிசலில் நின்று, நகர்ந்து, மறுபடி நிற்கிற வண்டி, அரை மணி நேரத்தில் தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் பறக்கவும் வேண்டியிருக்கிறது. இரண்டு ஓட்டத்துக்கும் ஒரே பிளக் ஈடுகொடுப்பது இந்த எழுத்தால். ஆனால் நீட்டிய மூக்குக்கு இடம் வைத்துச் செய்யாத பழைய இன்ஜினில் இதைத் திருகினால் பிஸ்டனின் தலை வந்து இடிக்கக்கூடும்.

ஆர்

பொருள்: உள்ளே ஒரு மின்தடை இருக்கிறது. அளவு சுமார் 5 கிலோ ஓம்.

பிளக்கில் தாவும் ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ரேடியோ நிலையம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது ஒரு பிளக் விநாடிக்கு 25 முறை பொறி விடுகிறது. அந்த இரைச்சல் முழுக்கக் காற்றில் பரவும். திருச்சி வானொலி நிலையம் 1939-ல் தொடங்கியது. மீடியம் வேவில் அதைக் காரில் வைத்துக் கேட்ட தலைமுறைக்கு, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பாட்டுக்கு நடுவே ஏறுகிற கரகரப்பு நினைவிருக்கும். அந்த இரைச்சலை அடக்க வந்தது இந்தத் தடை.

இன்றைக்கு ரேடியோவைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பெட்ரோல் எவ்வளவு, பொறி எப்போது என்று தீர்மானிக்கிற கம்ப்யூட்டர் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. சென்சார்களிலிருந்து அதற்கு வரும் செய்தி மிக மெல்லிய மின்சாரம். ஆர் இல்லாத பிளக் போட்டால் அந்தச் செய்தியில் இரைச்சல் கலக்கும். அப்புறம் காரணம் தெரியாத மிஸ்ஸிங், எரியக்கூடாத நேரத்தில் எரிகிற இன்ஜின் விளக்கு. "ரெசிஸ்டர் இல்லாத பிளக்கில் பொறி தடிப்பாக வரும், பிக்கப் ஏறும்" என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பாயிண்ட் செட் காலத்து வண்டியில் அந்தப் பேச்சுக்கு ஓரளவு இடம் இருந்தது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் இல்லை.

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் உச்சியிலும் மறுமுனையைக் கீழே நடு முள்ளிலும் வைத்துப் பாருங்கள். ஐயாயிரம் ஓமை ஒட்டிக் காட்டினால் தடை உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால், வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்தப் பிளக்கைத் திரும்ப மாட்டக்கூடாது.

6

இந்த வரியின் உயிர் இங்கே இருக்கிறது. தவறு அதிகம் நடப்பதும் இங்கேதான்.

பொருள்: வெப்ப எண் ஆறு.

பிளக்கின் மூக்கு தீக்குள்ளேயே வாழ்கிறது. அது சுமார் 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் அதன்மேல் படியும் கரி எரியாது. கரி சேரச் சேர மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் கரியின் வழியே ஒழுகிப் போய்விடும். 800 டிகிரிக்கும் மேலே வெகுதூரம் போனால் மூக்கே கங்காகிவிடும். பொறி வருமுன்பே அந்தக் கங்கில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே எதிரே வெடிப்பு. அது தொடர்ந்தால் பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே மூக்கை நிறுத்துவதுதான் எண்ணின் வேலை.

எப்படி நிறுத்துகிறது? இரண்டு பிளக்கைத் தலைகீழாகப் பிடித்து, கூட்டுக்கும் பீங்கானுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்றில் பள்ளம் ஆழமாக இறங்கும், மூக்கு நீளம். வாங்கிய சூடு நெடுந்தூரம் நடந்துதான் உலோகக் கூட்டுக்கும் ஹெட்டுக்கும் போகவேண்டும். இது ஹாட் பிளக். இன்னொன்றில் பள்ளம் குறைவு, மூக்கு குட்டை. சூடு சட்டென்று இறங்கிவிடும். இது கோல்ட் பிளக். எண் ஒன்று மாறினால் மூக்கின் சூடு ஏறக்குறைய 70 முதல் 100 டிகிரி வரை மாறும்.

ஆகவே ஹாட், கோல்ட் என்பது பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, இன்ஜினின் சூட்டைச் சொல்லவில்லை. இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. சித்திரை, வைகாசியில் திருச்சி 40 டிகிரியைத் தாண்டும்போது, "வெயிலுக்குக் கூல் பிளக் போட்டுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். சிலிண்டருக்குள் எரியும் வாயு 2000 டிகிரிக்கு மேல். வெளியே பத்துப் பதினைந்து டிகிரி கூடினால் அங்கே அது ஒரு கணக்கே இல்லை. ஹெட்டின் சூட்டைத் தண்ணீரும் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் கோடையிலும் மார்கழியிலும் ஒரே நிலையில் வைக்கின்றன. இன்ஜின் சூடாகிறதென்றால் பார்க்கவேண்டியது கூலன்ட்டையும் ஃபேனையும். கோல்ட் பிளக் போட்டால் இன்ஜின் குளிராது, பிளக்கில் கரிதான் பிடிக்கும்.

அடுத்தது பிராண்டு மாற்றும்போது வரும் ஆபத்து. வெப்ப எண்ணில் இந்தப் பிளக்குக்கு இணையாகக் கடைகள் தரும் மற்ற பிளக்குகளைப் பாருங்கள். பாஷில் டபிள்யூ ஆர் 7 டி சி. சாம்பியனில் ஆர் என் 9 ஒய் சி. டென்சோவில் டபிள்யூ 20 இ பி ஆர் – யு. ஒரே வேலைக்கு 6, 7, 9, 20 என்று நாலு எண். எண் வேறுபடுவதாவது பரவாயில்லை. திசையே வேறு. என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் எண் ஏற ஏறப் பிளக் கோல்ட். பாஷிலும் சாம்பியனிலும் எண் ஏற ஏற ஹாட். என்.ஜி.கே. 6 கிடைக்காத நாளில் "அதே ஆறு நம்பர்" என்று பாஷ் 6 வாங்கினால் வேண்டியதைவிட ஒரு படி கோல்ட் கைக்கு வந்துவிடும்.

பாஷிலேயே இன்னொரு குழப்பம் உண்டு. அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் நம் மெக்கானிக்குகளுக்குப் பிளக் என்றால் மைக்கோ. 1951-ல் பெங்களூரில் பாஷ் கூட்டுறவோடு தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர் அது. 2008-ல்தான் அது பாஷ் லிமிடெட் ஆனது. அந்தக் காலத்து எண்கள் 145, 175, 225 என்று மூன்று இலக்கத்தில் வரும். அவற்றில் எண் ஏறினால் கோல்ட். பிறகு வந்த ஓரிலக்க முறையில் எண் ஏறினால் ஹாட். பழைய 175 தான் புதிய 7. பழைய 225 தான் புதிய 5. பழைய அம்பாசடரை இன்றும் அருமையாக வைத்திருப்பவர்கள் கையேட்டில் 175 என்று படித்துவிட்டுக் கடைக்குப் போகும்போது இந்தக் கணக்கு தெரிந்திருக்கவேண்டும். இணை எண் அட்டவணை ஒவ்வொரு கம்பெனியும் வெளியிடுகிறது. மனக்கணக்கு வேண்டாம், அட்டவணையைப் பார்த்தே வாங்குங்கள்.

எண் சரியா என்பதற்குக் கழற்றிய பிளக்கே சாட்சி. மூக்கு பிஸ்கட் நிறத்தில் உலர்ந்திருந்தால் எல்லாம் சரி. கொப்புளமும் வெள்ளை வெளுப்பும் இருந்தால் மிதமிஞ்சிய சூடு. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. எந்தப் பிளக்கும் அதைக் குணமாக்காது. உலர்ந்த கரிக் கறுப்பு என்றால் உடனே ஹாட் பிளக்குக்குத் தாவவேண்டாம். அரியமங்கலத்தில் லாரிகள் கிளப்பும் புழுதி போதாதென்று குப்பைக் கிடங்குப் பக்கத்துத் தூசியும் சேரும். கார்புரேட்டர் வண்டியில் ஏர் ஃபில்டர் அடைத்தால் காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சும், பிளக் கறுக்கும். முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். வண்டி தினமும் காந்தி மார்க்கெட் போய்த் திரும்புவதோடு சரி என்றால், இன்ஜின் சூடேறுமுன் அணைத்துவிடுகிறீர்கள். வாரத்தில் ஒருநாள் அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினாலே பாதிக் கரி போய்விடும். உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் போட்டுத் தேய்ப்பதை நான் ஆதரிக்கவில்லை. பிரஷ்ஷின் இரும்பு பீங்கானில் சாம்பல் நிறக் கோடாக ஒட்டும். அந்தக் கோடு வழியாகவும் மின்சாரம் ஒழுகும்.

இ

பொருள்: மரையின் நீளம் 19 மி.மீ. இதே இடத்தில் ஹெச் நின்றால் 12.7, எல் நின்றால் 11.2.

தவறான நீளம் வெளியே தெரியாது, பிளக் நன்றாகவே திருகிக்கொள்ளும். குட்டையான ஹெட்டில் நீளப் பிளக் போட்டால் மரை தீக்குள் நீட்டும். பிஸ்டனோ வால்வோ இடிக்கலாம். நீளமான ஹெட்டில் குட்டைப் பிளக் போட்டால் காலியாக நிற்கும் மரையில் கரி அடைத்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் சரியான பிளக்கைத் திருகும்போது அந்தக் கரி அலுமினிய மரையை அரைத்துவிடும். வாங்கியவுடன் பழையதையும் புதியதையும் ஒட்டி நிறுத்தி மரைக்கு மரை பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்

பொருள்: சாதாரண வகை. நடு முள்ளின் உள்ளே செம்பு, வெளியே நிக்கல் கலவை.

இந்த எழுத்தில்தான் வாங்குகிறவருக்குக் கொஞ்சம் சுதந்திரம் இருக்கிறது. ஆசைகாட்டி விற்பதும் இங்கேதான். காப்பர் பிளக் என்று கடையில் சொல்வதில் பொறியை வாங்கித் தேய்வது செம்பு அல்ல, நிக்கல். செம்பு உள்ளே நின்று சூட்டைக் கடத்துகிறது. நிக்கல் உருகுவது 1455 டிகிரியில், பிளாட்டினம் 1768-ல், இரிடியம் 2446-ல். அதனால் இரிடிய முள்ளை ஊசிபோல மெலிதாகச் செய்யலாம். மெலிந்த முனையில் குறைந்த வோல்ட்டிலேயே பொறி தாவும், முனையும் சுலபத்தில் தேயாது. நிக்கல் பிளக்கை 20,000 முதல் 30,000 கி.மீ.க்குள் மாற்றவேண்டும். இரண்டு முனையிலும் விலையுயர்ந்த உலோகம் வைத்த நீள்ஆயுள் வகை ஒரு லட்சம் கி.மீ. வரை தாங்கும். நடு முள்ளில் மட்டும் இரிடியம் வைத்த மலிவான வகைக்கு அந்த ஆயுள் கிடையாது. அட்டைப் பெட்டியில் இரண்டுக்கும் இரிடியம் என்றுதான் போட்டிருக்கும்.

இரிடியம் போட்டால் மைலேஜ் எகிறும், வண்டி பறக்கும் என்று சொல்வதை நம்பவேண்டாம். பழைய, தேய்ந்த பிளக்கை எடுத்துவிட்டுப் புதிதாக எதைப் போட்டாலும் வண்டி சுறுசுறுப்பாகத்தான் தெரியும். எஸ் வகைக்கென்றே செய்த பழைய காருக்கு நாலு நிக்கல் பிளக்கைக் காலத்தில் மாற்றினால் ஒரு குறையும் வராது. அந்தப் பணத்தில் ஏர் ஃபில்டரையும் தேய்ந்த பிளக் வயரையும் மாற்றுவதே புத்திசாலித்தனம். ஆனால் கம்பெனியிலிருந்தே இரிடியத்தோடு வந்த காரில், செலவைக் குறைக்க நிக்கல் போடுவதும் தவறு. ஒரே காயிலிலிருந்து இரண்டு பிளக்குக்குப் பொறி போகிற வண்டிகளில் ஒரு பிளக்கில் மின்சாரம் தலைகீழாகத் தாவும். அங்கே பக்க முள்ளும் தேயும் என்பதால்தான் இரண்டு முனைக்கும் விலையுயர்ந்த உலோகம் கேட்கிறார்கள்.

11

பொருள்: இடைவெளி 1.1 மி.மீ.

வாலில் இந்த எண் இல்லாமலும் இதே பிளக் விற்கிறது. அதன் இடைவெளி 0.8 மி.மீ. அளவில் இருக்கும். மற்ற எழுத்தெல்லாம் ஒன்றாக இருப்பதால் கடைக்காரரும் "அதேதான் சார்" என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறார். எலக்ட்ரானிக் இக்னிஷனின் பலத்தை நம்பி 1.1 வைத்திருக்கிறார்கள். பெரிய இடைவெளியில் பொறி நீளம். மெலிந்த கலவையும் தவறாமல் பற்றும். பாயிண்ட் செட் வண்டியின் காயில் அவ்வளவு வோல்ட் தராது, அங்கே 11 பொருந்தாது.

சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். தேய்ந்து இடைவெளி விரிந்த பிளக் வீட்டு வாசலில் ஐடிலில் ஒழுங்காக ஓடும். ஏ.சி. போட்டு, நாலுபேரை ஏற்றிக்கொண்டு அரியமங்கலம் ரயில் மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் ஏறும்போதுதான் விக்கும். சி.என்.ஜி., எல்.பி.ஜி. வண்டிகளிலும் பொறிக்கு வோல்ட் அதிகம் தேவை. கேஸுக்கு மாற்றிய பிறகு பெட்ரோல் காலத்து இடைவெளியே இருந்தால் மிஸ்ஸிங் முதலில் அங்கே தலைகாட்டும். கேஸ் கிட் செய்தவர் எழுதிக் கொடுத்த அளவைக் கேட்டு வாங்குங்கள்.

பெட்டியிலிருந்து எடுத்த நிக்கல் பிளக்கைக் கம்பி கேஜ் வைத்து ஒருமுறை சரிபார்த்து, தேவையென்றால் பக்க முள்ளை மட்டும் வளைக்கலாம். இரிடிய முள்ளில் கேஜை நெம்பினால் முனை உடைந்துபோகும்.

மூலத்தில் இல்லாதவை

இத்தனை சொல்லும் வரி இரண்டு விஷயங்களைச் சொல்வதில்லை. முதலாவது, பிளக் அசலா என்பது. பிளக்கில் டூப்ளிகேட் தாராளமாகப் புழங்குகிறது. அச்சு மங்கியிருப்பது, வாஷர் மரையிலிருந்து கையோடு கழன்று வருவது, நடு முள்ளுக்கு நேராகப் பக்க முள் வளையாமல் விலகியிருப்பது, ஆர் என்று எழுதியிருந்தும் மல்டிமீட்டரில் தடையே காட்டாதது ஆகியவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே பீங்கான் உடைந்து சிலிண்டரில் விழுந்தால் நஷ்டம் பிளக்கின் விலையோடு நிற்காது.

இரண்டாவது, எவ்வளவு இறுக்குவது. ஹெட் ஆறிய பிறகே பழையதைக் கழற்றவேண்டும். சூடான அலுமினியத்தில் மரை சுலபமாகப் பிய்ந்து வரும். கழற்றுமுன் குழியில் கிடக்கும் மண்ணைக் காற்றால் ஊதுங்கள். புதியதைக் கையாலேயே கடைசிவரை திருகுங்கள். கையில் முரண்டு பிடித்தால் மரை மாறி ஏறுகிறது என்று பொருள், அப்போது ஸ்பேனரை எடுக்கக்கூடாது. டார்க் ரென்ச் இருந்தால், அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். இல்லையென்றால், வாஷர் தரையைத் தொட்டபின் ஸ்பேனரில் அரைச் சுற்றுக்குச் சற்றுக் கூட. மரையில் கிரீஸ் தடவுவது வேண்டாம், வழுக்கி அளவுக்கு மேல் இறுகிவிடும். ஏற்கெனவே ஒருமுறை மாட்டிய பிளக் என்றால் வாஷர் நசுங்கிப்போயிருக்கும், அதற்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும்.